எண் இல்லாத படம்

எக்ஸ்ரே அறைக்குள் யார் நுழைந்தாலும் அக்காவின் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி ஒன்றுதான்: "நம்பர் எங்கே?" காலொடிந்து தூக்கி வரப்பட்டவராக இருந்தாலும், மருத்துவமனையின் கண்காணிப்பாளராகவே இருந்தாலும், சீட்டில் எண் இல்லாமல் அவள் கை பொத்தானுக்குப் போகாது. எண், பெயர், வயது, உடலின் எந்தப் பகுதி, எந்தப் பக்கம், எத்தனை படம், எடுத்த நேரம் என்று பதிவேட்டின் ஏழு கட்டங்களையும் நிரப்பிய பிறகுதான் நோயாளியைப் பலகையில் படுக்க வைப்பாள். கணினி வந்த பிறகும் பதிவேட்டை அவள் கைவிடவில்லை. "கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் வந்தா அப்புறம் யாரைப் போய்க் கேக்கறது?" என்பாள். இருபத்தொன்பது ஆண்டுகளில் அவள் எழுதி முடித்த பதிவேடுகள் நாற்பத்தொன்று. அவற்றில் அடித்துத் திருத்திய இடங்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம்.

அதனால் பிரிவில் அவளுக்கு நம்பர் அக்கா என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவன் பக்கத்து அறையில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை இயக்குபவன். பதிலுக்கு அவள் அவனுக்குக் காந்தம் என்று பெயர் வைத்தாள்.

"உங்க வீட்டுல சாப்பாட்டுத் தட்டுக்கும் நம்பர் உண்டாக்கா?" என்பான் அவன்.

"உண்டே. உனக்கு மட்டும் இன்னும் நம்பர் விழலை. அதான் உன்னை ஒரு நாள்கூடச் சாப்பிடக் கூப்பிடலை."

இவ்வளவு கண்டிப்பிலும் ஓர் இடம் தளர்ந்திருந்தது. அது அவளாக ஏற்படுத்தியதன்று. அவள் வேலைக்குச் சேரும் முன்பிருந்தே பிரிவில் இருந்த வழக்கம். மதியம் இரண்டு மணியிலிருந்து இரண்டரை வரை வெளி நோயாளிகள் இருக்கமாட்டார்கள். அந்த அரை மணியில் ஊழியர்களின் வீட்டு ஆட்கள் வருவார்கள். எழுத்தரின் மாமனாருக்கு இடுப்பு, துப்புரவுப் பணியாளரின் மகளுக்குக் கணுக்கால், காவலாளியின் மனைவிக்கு முழங்கால். இவற்றுக்கு வீட்டுப் படம் என்று பெயர். சீட்டு இல்லை, எண் இல்லை, வரிசையும் இல்லை. படத்தை எடுத்து, வெளிச்சப் பெட்டியில் மாட்டி, அங்கே இருப்பவர்கள் கூடி நின்று பார்ப்பார்கள். "எலும்பு ஒண்ணும் முறியலை, தைரியமா போங்க" என்று சொல்லிப் படத்தைக் கையிலேயே கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எண் இல்லாத படம், படங்களைப் படித்து அறிக்கை எழுதும் மருத்துவரின் மேசைக்குப் போகாது. போகாததால் அறிக்கையும் கிடையாது. அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. கால் கடுக்க நிற்கவேண்டிய நான்கு மணி நேரத்தை நம்மவர்களுக்கு மிச்சப்படுத்தினோம் என்ற திருப்திதான் எல்லோருக்கும் இருந்தது.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு மதியம் அக்காவின் தம்பி வந்தான். சீருடை தைக்கும் நிறுவனமொன்றில் அவன் கட்டிங் மாஸ்டர். பத்து அடுக்குத் துணியை ஒரே கத்தரியில் கோடு பிசகாமல் வெட்டக்கூடியவன் என்று தொழிலில் பெயர் வாங்கியவன். அப்போது அவனுக்கு முப்பத்தொன்பது வயது.

"வலது கை வலிக்குதுக்கா. யாராவது பாசமா கை குடுத்தா உயிரே போகுது. முந்தாநாள் முதலாளி, 'ஒரு வாரம் லீவு எடுத்துக்கோ'ன்னு சொல்லிக் கையைப் புடிச்சாரு. நான் 'அய்யோ வேண்டாம்'னு அலறிட்டேன். என்ன ஒரு உழைப்பாளின்னு மெச்சிட்டு லீவைத் திரும்ப எடுத்துட்டாரு."

அக்கா சிரித்துக்கொண்டே அவனுடைய இரண்டு கைகளையும் பலகைமேல் அருகருகே விரித்து வைத்தாள். கைப் படம் என்றால் இரண்டையும் சேர்த்து எடுப்பது அவள் பழக்கம். படம் வந்ததும் வெளிச்சப் பெட்டியில் மாட்டினாள். வலி வலது கையில் என்பதால் கண் வலது கைக்குத்தான் போனது. முறிவு இல்லை. சுட்டுவிரலும் நடுவிரலும் உள்ளங்கையோடு சேரும் மூட்டுகளில் மட்டும் இடைவெளி குறைந்திருந்தது. அங்கே எலும்பின் தலையோரத்தில் சின்னக் கொக்கிபோல் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

"தேய்மானம்டா. நாள் முழுக்க அவ்வளவு பெரிய கத்தரியைப் புடிக்கிற கை வேற எப்படி இருக்கும்? வெந்நீர்ல ஒத்தடம் குடு."

"அவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்." படத்தை வாங்கி ஆட்டிப் பார்த்தான். "கெட்டியா இருக்கே. சட்டைப் பாக்கெட்டுக்கு அளவு வெட்டி வச்சுக்கறேன்."

பதிவேட்டில் அன்று இரண்டு மணிக்கும் இரண்டரைக்கும் இடையே எதுவும் எழுதப்படவில்லை.

பிறகு வந்தவை ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக வந்தன. நாற்பத்திரண்டு வயதில் சர்க்கரை நோய். குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்று பேசிக்கொண்டார்கள். இந்தக் காலத்தில் யாருக்குத்தான் இல்லை என்று அவர்களே சமாதானமும் சொல்லிக்கொண்டார்கள். மாலையானால் அவனால் நிற்க முடியவில்லை. நின்றே வேலை செய்கிறவன் என்றார்கள். வெயிலே படாத தொழிலில் இருந்தும் தோல் சாம்பல் படிந்த செம்புபோல் கறுத்துக்கொண்டே வந்தது.

"கண்ணாடியில பாத்தியாடா? ஆளே மாறிட்டே."

"மாறலைக்கா. துணிக்குச் சாயம் ஏத்தற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா கலரை ஏத்திட்டு வர்றேன். பழைய கலர் அலுத்துப்போச்சு."

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, பதிவேடு எழுதிப் பழகிய அக்காவுக்கும்.

இந்த ஆண்டின் தொடக்கத்தில் அவனுடைய வயிறு வீங்கியது. சட்டைப் பொத்தான்கள் திணறின. "ஊருக்கெல்லாம் அளவா வெட்டறவனுக்குத் தன் சட்டை பத்தலை" என்று தம்பி மனைவி முதலில் கேலி செய்தாள். காலும் சேர்ந்து வீங்கியபோது கேலி நின்றது. அக்கா அவனை ஈரல் மருத்துவரிடம் கூட்டிச் சென்றாள். அந்தப் பெண் மருத்துவர் குடிப்பழக்கம் உண்டா என்று மூன்று விதமாக மாற்றி மாற்றிக் கேட்டார். அவன் மூன்று விதமாகவும் இல்லை என்றான். இரத்தத்தில் சேமிப்பு இரும்பைக் காட்டும் அளவு முந்நூறுக்குள் இருக்கவேண்டும். அவனுக்கு நாலாயிரத்து இருநூறு. ஈரலின் இரும்பை அளக்க எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்.

அன்று கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்புறம் இயந்திரத்தை இயக்கிக்கொண்டிருந்த காந்தம் என்கிறவனின் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஒரே குறுக்குவெட்டை நொடியின் மிகச் சிறிய இடைவெளிகளில் அடுத்தடுத்துப் பன்னிரண்டு முறை இயந்திரம் படமெடுக்கும். இரும்பு மிகாத ஈரல் அந்தப் பன்னிரண்டிலும் படிப்படியாக மங்கும். இரும்பேறிய ஈரலோ அவசரமாக அணைந்துவிடும். தம்பியின் ஈரல் முதல் படத்திலேயே முதுகுத் தசையைவிட இருண்டிருந்தது. இரண்டாவது படத்தில் முழுக் கறுப்பு. பக்கத்தில் மண்ணீரல் மட்டும் சாம்பல் நிறத்தில் அமைதியாக இருந்தது.

"வெளியிலேர்ந்து ரத்தம் ஏத்தி வந்த இரும்பு இல்லக்கா," என்றான் காந்தம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்படின்னா மண்ணீரலும் கறுத்திருக்கும். இது சாப்பாட்டுலேர்ந்து உடம்பு தானா இழுத்து இழுத்துச் சேத்து வச்சது. பொறந்ததுலேர்ந்தே."

கறுப்புக்குள் ஓரமாக ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. ஒன்றரைச் சென்டிமீட்டர். அவன் அதன் குறுக்களவை இரண்டு முறை அளந்தான்.

மறுநாள் மருத்துவர் தம் திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். தம்பி மனைவி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உற்றுப் பார்த்தாள். அவள் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டாள்.

"கறுப்பா இருக்கறதெல்லாம் இரும்பா டாக்டர்?"

"ஆமாம்மா."

"அப்ப அந்த வெள்ளையா இருக்கற எடம் மட்டும் தப்பிச்சிருச்சு. அதை வச்சுக்கிட்டு மீதியைச் சரி பண்ணிடலாம் இல்லையா?"

அக்கா தன் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். பதில் அவளுக்கு முந்தைய நாளே தெரிந்திருந்தது.

"அப்படி இல்லம்மா," என்றார் மருத்துவர், மிக மெதுவாக. "ஈரலோட சொந்த அணுக்கள் எல்லாத்துலயும் இரும்பு ஏறியிருக்கு. அந்த எடத்துல ஏறலைன்னா அது பழைய ஈரல் இல்லைன்னு அர்த்தம். அது அப்புறமா வந்து வளர்ந்த கட்டி. அதைப் பத்தித்தான் நான் பேசணும்."

தம்பி மனைவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தில் நல்லதாகத் தோன்றியது அந்த ஓரிடம்தான்.

தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான். "வேற என்ன டாக்டர் கேக்கணும் எங்களை? கேளுங்க."

"மூட்டு வலி உண்டா? கையில?"

"அது பதினோரு வருஷமா இருக்கு. அக்காதான் எக்ஸ்ரே எடுத்தாங்க. கத்தரி புடிக்கறதால வந்த தேய்மானம்."

மருத்துவரின் பேனா நின்றது. அக்காவை நோக்கித் திரும்பினார். "நம்ம ஆஸ்பத்திரியிலதானே? ரிப்போர்ட் இருக்கும். நம்பர் சொல்லுங்க, இப்பவே எடுத்துடலாம்."

"நம்பர் இல்லை டாக்டர்."

"மறந்திருந்தாலும் பரவாயில்ல. உங்க பதிவேட்டுல தேதியை வச்சுத் தேடிடலாமே. உங்க பதிவேட்டுல இல்லாததா?"

"அதுலயும் இல்லை," என்றாள் அக்கா.

மருத்துவர் வேறெதுவும் கேட்கவில்லை. அந்த மருத்துவமனையில் அவருக்கும் ஆறு ஆண்டு ஆகியிருந்தது. அவருடைய தாயின் தோள்பட்டையும் ஒரு மதியம் அதே அறைக்கு வந்து போயிருந்தது.

மறுநாள் பகல் அந்தப் பழைய படத்தைத் தேடி அக்கா தம்பியோடு அவன் வேலை பார்க்கும் இடத்துக்குப் போனாள். வெட்டும் கூடம் நீளமானது. நடுவே பன்னிரண்டு அடி மேசை; சுவரில் ஆணி ஆணியாக, துணிமேல் வைத்துக் கோடு போடும் அளவு வார்ப்புகள் தொங்கின. கழுத்துப்பட்டை, கைப்பட்டை, தோள், பாக்கெட் என்று ஒவ்வொன்றின் மேலும் தம்பி சுண்ணக்கட்டியால் அளவெண் எழுதியிருந்தான். அட்டை வார்ப்புகளுக்கு நடுவே நீலம் பாய்ந்த ஒன்று இருந்தது. தம்பி அதை எடுத்துக் கொடுத்தான். பாக்கெட் வடிவத்தில் ஐந்து மூலையாக வெட்டப்பட்ட எக்ஸ்ரே படம்.

அதை அவள் குழல்விளக்குக்கு நேராகப் பிடித்தாள். வலது கை இருந்த பாதியை அவன் எப்போதோ வெட்டி எறிந்திருந்தான். எஞ்சியிருந்தது இடது கை. சுட்டுவிரலின் அடியிலும் நடுவிரலின் அடியிலும், அதே இரண்டு மூட்டுகளில், அதே கொக்கிகள்.

இடது கை ஒரு நாளும் கத்தரி பிடித்ததில்லை.

ஒரே படத்தில் அருகருகே இருந்த இரண்டு கைகள். வலப்பக்கம் பார்த்த கண்ணை நான்கு விரற்கடை இடப்பக்கம் திருப்பியிருந்தால் போதும். அவளுக்கு அந்த நோயின் பெயர் அன்று தெரிந்திருக்காது என்பது உண்மை. ஆனால் கத்தரி காரணமில்லை என்று தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் ஒரு சீட்டு எழுதி, எண் போட்டு, படம் படித்து அறிக்கை எழுதும் மருத்துவரின் மேசையில் வைத்திருப்பாள். அந்த மருத்துவர் வேண்டுமானால் சிடுசிடுப்பார், ஆனால் எந்தப் படத்தையும் பாதி பார்த்து வைக்கமாட்டார்.

"என்னக்கா பாக்கறே, பாக்கெட் கோணலா இருக்கா?"

"இதுலயே இருக்குடா."

"எது?"

"இப்ப உனக்கு இருக்கறது. அன்னிக்கே இருந்திருக்கு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் தேய்மானம்னு சொல்லி அனுப்பினேன்."

தம்பி மேசைமேல் கிடந்த துணியின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினான். விரல்களை அவனால் முழுவதும் நீட்ட முடியவில்லை.

"அன்னிக்கே தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பாங்க?"

"ரத்தம் எடுத்திருப்பாங்க. வாரம் ஒரு பை. இரும்பு குறையற வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் வருஷத்துக்கு நாலு தடவை."

"மாத்திரை? ஊசி?"

"ஒண்ணும் வேண்டாம்."

"அவ்வளவுதானா?" என்று கேட்டான். அவள் தலையசைத்தாள். அவன் மறுபடியும், "வெறும் ரத்தம் எடுக்கறதா?" என்றான். திட்டிவிடுவான் என்று அவள் காத்திருந்தாள்; திட்டியிருந்தால் பிடித்துக்கொண்டு நிற்க அதுவாவது இருந்திருக்கும். அவன் நீவிய துணியையே மறுபடி நீவினான்.

"வீட்டுல சொல்லாதே," என்றான் கடைசியில். "அவ யார் மேல கோபப்படறதுன்னு ஆள் தேடிட்டிருக்கா. நேத்து ஆட்டோக்காரரை ஒரு புடி புடிச்சுட்டா, பாவம். அது நீன்னு தெரிஞ்சா உங்கூடப் பேசமாட்டா. அப்புறம் நான் யாரைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு அலையறது?"

"கோபம் உனக்கு இல்லையாடா?"

"தெரியலக்கா. இருக்குன்னுதான் நெனைக்கறேன். இப்ப அதுக்கு முடியலை."

அந்தத் துண்டுப் படத்தை மருத்துவர் கோப்பில் சேர்த்தார். கோப்பின் முதல் பக்கத்தில் பிறந்த தேதிக்குக் கீழே, "முதல் அறிகுறி: இரு கை மூட்டுகள், பதினோரு ஆண்டுகளுக்கு முன், படம் உண்டு, எண் இல்லை, அறிக்கை இல்லை" என்று எழுதினார். அக்கா அதை எதிரில் உட்கார்ந்தபடி தலைகீழாகவே படித்தாள்.

அடுத்த வாரம் மூன்று மருத்துவர்கள் கூடிப் பேசினார்கள். புள்ளி இருக்கும் பகுதியை வெட்டி எடுக்கலாம் என்றால், மிச்சமிருக்கும் ஈரல் வடுவேறிச் சுருங்கிக் கிடக்கிறது; வெட்டைத் தாங்காது. ஊசி வழியாகச் சூடேற்றிக் கருக்கலாம் என்றால், புள்ளி பெரிய இரத்தக் குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இரும்பைக் குறைக்க இனி இரத்தம் எடுக்கலாம் என்றால், எடுப்பதற்கு அவனிடம் போதிய இரத்தமே இல்லை. வேறு ஈரல் வைப்பது ஒன்றே வழி. இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் என்று பதிந்து வைத்தால் இரண்டு ஆண்டு காத்திருக்கவேண்டும். புள்ளி அதுவரை காத்திருக்காது. நெருங்கிய உறவில் யாராவது ஒரு பகுதியைத் தந்தால் மட்டும் சீக்கிரம் நடக்கும்.

தம்பி மனைவியின் இரத்தப் பிரிவு சேரவில்லை. மகளுக்குப் பதினைந்து வயது, சட்டம் அனுமதிக்காது. அன்று மாலை தம்பி மனைவி அக்காவின் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். கேக்கறதுக்கே வாய் வரலை. உங்களுக்கும் குடும்பம் இருக்கு, ஐம்பத்தி நாலு வயசாச்சு..."

"நான் குடுக்கறேன்."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"நீ கேக்க வேண்டாம்."

தம்பி மனைவி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். தன் கண்ணீருக்கு இடம் கொடுக்கும் துணிவு அக்காவுக்கு வரவில்லை. தான் அடைக்கப்போவது எந்தக் கடன் என்று தெரியாமல் இவள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாளே என்பது அவளைக் குடைந்தது. ஆனாலும் அடைப்பதற்கு ஒரு வழி திறந்திருக்கிறது என்பதே அவளுக்குப் பெரிதாக இருந்தது. சோதனைக்கு இருந்த ஒன்பது நாட்களும் அவள் காலையில் நடந்தாள், வேளைக்குச் சாப்பிட்டாள், யாரோ தன்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போன பொருளைப்போலத் தன் உடம்பைப் பார்த்துக்கொண்டாள்.

"அக்கா, இது பரம்பரையில வர்றது," என்று காந்தம் ஒரு நாள் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான். "கூடப் பொறந்தவங்களுக்கு நாலுல ஒண்ணு..."

"தெரியும்டா. மீதி மூணு இருக்குல்ல?"

"இருக்குதான்."

"எனக்கு எந்த நோவும் கிடையாது. கறுக்கலை, சர்க்கரை இல்லை. கையைப் பாரு, மாவு மிஷினே சுத்துவேன்."

"பொம்பளைங்களுக்கு மாசா மாசம் ரத்தம் போறதால கொஞ்சம் லேட்டாத்தான்..." என்று சொல்ல வந்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினான்.

சோதனை நாளன்று காலையில் அவளிடம் இரத்தம் எடுத்தார்கள். அதன் முடிவு மாலையில்தான் வரும். அதற்கு முன் எம்.ஆர்.ஐ. அறை காலியாக இருந்ததால் படத்தை முடித்துவிடலாம் என்றார்கள். காந்தம் வாயைத் திறப்பதற்குள் அக்கா சீட்டை நீட்டினாள். தோடு, வளையல், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, ஆயிரக்கணக்கானவர்களைப் படுக்க வைத்துப் பார்த்தவள் முதன்முறையாகத் தானே பலகையில் படுத்தாள். பலகை குழலுக்குள் நகர்ந்தது. மூக்குக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் வெளிறிய வளைவு. காதில் மாட்டிய ஒலிப்பான் வழியாகக் காந்தத்தின் குரல் வந்தது.

"மூச்சை நல்லா இழுங்க... விடுங்க... அப்படியே நிறுத்துங்க."

இயந்திரம் தட்டியது. பதினாறு நொடி. எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மூச்சு விடலாம்."

பிறகு குரல் வரவில்லை. வழக்கமாக அடுத்த கட்டளை நான்கு நொடியில் வரவேண்டும். அவள் இருபது வரை எண்ணினாள்.

"அக்கா, அதையே இன்னொரு தடவை எடுத்துக்கறேன்."

ஒரு படத்தை இரண்டாம் முறை எடுப்பதற்கு இரண்டு காரணங்கள்தான் உண்டு என்பதை அவள் அறிவாள். நோயாளி அசைந்திருக்க வேண்டும். இல்லையென்றால், எடுத்தவன் தன் கண்ணையே நம்பாமல் இருக்கவேண்டும்.

"நான் அசையலையேடா," என்றாள் குழலுக்குள்ளிருந்து.

"தெரியும்க்கா," என்றான்.

வெளியே வந்ததும் அவன் தடுக்கவில்லை. திரையை மறைக்கவும் இல்லை. தம்பியுடையதைப்போல் முழுக் கறுப்பில்லை. முதல் படத்தில் சாம்பல், மூன்றாவதில் இருட்டு, ஐந்தாவதில் கறுப்பு. ஓரங்கள் வழுவழுவென்று இருந்தன, வடு இல்லை. வெள்ளைப் புள்ளி எதுவும் இல்லை. அவள் பன்னிரண்டு படங்களையும் முதலிலிருந்து கடைசி வரை பார்த்தாள். பிறகு கடைசியிலிருந்து முதல் வரை பார்த்தாள்.

"இதைக் குடுக்க முடியாதுல்ல?"

"முடியாதுக்கா. ஆனா உங்களுது ஆரம்பம்தான். ரத்தம் எடுத்தாலே போதும், ஒரு வருஷத்துல சுத்தமா சரியாயிடும். முழுசா சரியாயிடும்க்கா." ஆறுதலாகத்தான் சொன்னான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, இயங்கிக்கொண்டிருந்த இயந்திரத்தின் ஏதோ ஒரு பொத்தானைச் சரிபார்ப்பதுபோல் குனிந்தான்.

நடைவழிப் பெஞ்சில் தம்பியும் தம்பி மனைவியும் இருந்தார்கள். வயிற்றில் சேர்ந்த நீரை எடுப்பதற்கு அவனுக்கு அன்று முறை. அக்கா கையில் வளையல்களைப் போட்டபடியே வருவதைக் கண்டதும் தம்பி மனைவி எழுந்தாள்.

"என்னைக்கு வச்சுக்கலாம்னு சொன்னாங்களா அண்ணி? ஆபீசுல லீவு எழுதிக் குடுக்கணும்."

"எனக்கும் இருக்கு," என்றாள் அக்கா. "அதே இரும்பு. என்னால குடுக்க முடியாது."

தம்பி மனைவிக்கு அது போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் முகத்தில் ஒரு கதவு மூடிக்கொண்டது. அந்தச் சாத்திய கதவோடேயே அவள் இரண்டடி முன்னால் வந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப முத்திப்போச்சா?"

"இல்லை. ஆரம்பம்தான். சரியாயிடுமாம்."

"நல்ல வேளை அண்ணி. உங்களுக்காவது நேரத்தோட கண்டுபுடிச்சாங்களே. இவருக்குத்தான் யாரும்..." அவளால் முடிக்க முடியவில்லை. "இவரால உங்களுக்காவது தெரிஞ்சுது. அதை நெனச்சுக்கறேன்."

பிடித்திருந்த கைகளில் அழுத்தம் கூடியது. அக்காவுக்கு எந்த மூட்டும் வலிக்கவில்லை. சொல்லிவிடவேண்டும் என்று வாயைத் திறந்தாள். பெஞ்சிலிருந்து தம்பி அவளைப் பார்த்து மெல்லத் தலையை இடமும் வலமும் அசைத்தான். வேண்டாம் என்கிறானா, இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

செவிலி கதவைத் திறந்து அவனை அழைத்தார். கூட ஒருவர் மட்டும் வரலாம் என்றார். தம்பி எழுந்து சட்டையைக் கழற்றப் பார்த்தான். பொத்தான்களைக் கழற்ற அவன் விரல்கள் வளையவில்லை. தம்பி மனைவி கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டாள். சட்டையை மடித்து அக்காவிடம் நீட்டினாள்.

"இதைக் கொஞ்சம் வச்சிருங்க அண்ணி. வந்துடறோம்."

அவர்கள் உள்ளே போனார்கள். கதவு மூடிக்கொண்டது. அக்கா சட்டையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.